32 ஷாட், 24 புள்ளி: கெய்ட்லின் கிளார்க்கைத் தடுத்த கணக்கு

2023 நவம்பர் 16 அன்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி, தன் சொந்த அரங்கிலேயே கன்சாஸ் ஸ்டேட் அணியிடம் 65-58 என்று தோற்றது. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் அன்று எடுத்தது 24 புள்ளிகள். அதை மட்டும் பார்த்தால், அவர் வழக்கம்போல ஆடினார், மற்றவர்கள்தான் சொதப்பிவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் அந்த 24 புள்ளிகளுக்காக அவர் 32 முறை வளையத்தைக் குறிபார்த்தார். உள்ளே விழுந்தவை 9. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்ட 16 ஷாட்டில் 2 மட்டுமே விழுந்தன.

தடுப்பாட்டத்தை அளக்க இந்தக் கணக்குத்தான் சரியானது. மொத்தப் புள்ளியை விட, ஒரு ஷாட்டுக்கு எத்தனை புள்ளி கிடைத்தது என்பதே முக்கியம். அன்று கிளார்க்குக்குக் கிடைத்தது 0.75. அந்த சீசன் முழுக்க அவருடைய மூன்று புள்ளி ஷாட்கள் ஏறத்தாழ 38 சதவீதம் விழுந்தன. அதாவது ஷாட் ஒன்றுக்கு 1.1 புள்ளிக்கும் மேல். கல்லூரி வாழ்க்கையில் 3,951 புள்ளிகள் குவித்த ஒருவரை யாராலும் பூஜ்யத்தில் நிறுத்த முடியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் கொடுக்கும் விலையை ஏற்றிவிட முடியும். கன்சாஸ் ஸ்டேட் செய்தது அதைத்தான்.

அந்த விலையை ஏற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்றால், முதல் காரணம் வடிவியல். கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து சுமார் 6.75 மீட்டர் தள்ளி இருக்கிறது. வழக்கமான வீராங்கனை என்றால் அந்த வளைவுக்குள் காவல் காத்தால் போதும். கிளார்க் 9 மீட்டரிலிருந்தும் தயங்காமல் போடுவார். பக்கக் கோடுகள் வெட்டிக்கொண்டு போகும் பகுதியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், காவல் காக்க வேண்டிய பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. ஆட்களோ அதே ஐந்து பேர்தான்.

வளையத்துக்கு அருகே ஆடும் நட்சத்திரத்தின் கதை வேறு. கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டியின் 2023 அரையிறுதியில், அதுவரை தோல்வியே காணாத சவுத் கரோலினாவை அயோவா 77-73 என்று வென்றது. சவுத் கரோலினாவின் பெரும் பலம், உயரமான அலியா பாஸ்டன். அவரைக் கட்டுப்படுத்த, தூரத்திலிருந்து சரியாகப் போடாதவர்களை அயோவா வெளியே அப்படியே விட்டுவிட்டது. அவர்களைக் காக்க வேண்டியவர்கள் வளையத்தடியில் கூடிக்கொண்டார்கள். தடுப்பவர் யாரையும் காக்காமல் மூன்று நொடிக்கு மேல் வளையத்தடியில் நிற்கக் கூடாது என்ற விதி தொழில்முறை லீகில் உண்டு, கல்லூரியில் கிடையாது. அதனால் இது செல்லுபடியாகும் உத்தி. சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சனிடம் பந்து இருந்தபோது, 'நீ போட்டுக்கொள்' என்பதுபோலக் கையை அசைத்துவிட்டுக் கிளார்க் விலகி நின்ற காட்சி அன்று வெகுவாகப் பரவியது. சவுத் கரோலினா மூன்று புள்ளி ஷாட்டில் 20-க்கு 4 மட்டுமே போட்டது. பாஸ்டன் 8 புள்ளிகளோடு அடங்கிப்போனார். கிளார்க் 41 எடுத்தார்.

நட்சத்திரம் நிற்கும் இடத்தில் கூட்டம் சேர்ப்பது எளிய வழி. அவர் 9 மீட்டர் தொலைவில் நின்றால் அங்கே கூட்டம் சேர்க்க முடியாது. சேர்த்தால் வளையத்தடி காலியாகிவிடும்.

சரி, ஒருவரை மட்டும் அவர் மேல் ஒட்டவைத்தால்? அங்கேதான் ஸ்கிரீன் வருகிறது. அயோவாவின் உயரமான வீராங்கனை ஒருவர், கிளார்க்கைத் துரத்துபவரின் பாதையில் வந்து அசையாமல் நின்றுகொள்வார். கிளார்க் அவரை உரசிக்கொண்டு போய்விடுவார். துரத்துபவர் ஸ்கிரீனுக்குப் பின்புறமாகச் சுற்றி வந்தால், இடையில் இரண்டு மீட்டர் இடைவெளி விழுந்துவிடும். கண் பார்த்ததற்குக் கால் பதில் சொல்லவே சுமார் 0.2 நொடி ஆகும். அப்புறம் அந்த இரண்டு மீட்டரை ஓடிக் கடக்க இன்னும் அரை நொடியாவது வேண்டும். அதற்குள் பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்கும். ஸ்கிரீனுக்கும் கிளார்க்குக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நுழைந்தால் இடைவெளி விழாது. ஆனால் அவர் அரை அடி முன்னால் இருப்பார், நேராக வளையத்துக்கு ஓடிவிடுவார். இரண்டு பேர் சேர்ந்து மறித்தால் பந்தைக் கைவிட்டே ஆக வேண்டும், ஆனால் மீதிக் களத்தில் நால்வருக்கு எதிராக மூவர்தான் மிஞ்சுவார்கள். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டுக்கு ஃபீல்டர்களை அனுப்பினால் உள்வட்டத்தில் ஒற்றை ஓட்டம் இலவசமாகிவிடுவது போலத்தான். அந்த இலவசத்தை எடுக்கத் தெரியாத வீராங்கனை என்றால் கவலையில்லை. கிளார்க் 2023-24 சீசனில் ஆட்டத்துக்கு 31.6 புள்ளிகள் எடுத்ததோடு, சராசரியாக 8.9 முறை தன் பாஸால் அடுத்தவரைப் புள்ளி போடவைத்தார். என்னைக் கேட்டால், அவரைத் தடுப்பதில் ஆகக் கடினமான பகுதி அந்தப் பாஸ்தான். ஷாட்டை அளக்கும் அளவுக்கு அதை யாரும் பேசுவதில்லை.

2024 ஏப்ரல் 5 அன்று கிளீவ்லாந்தில் நடந்த தேசியப் போட்டி அரையிறுதியில் இதைப் பார்க்க முடிந்தது. யூகான் அணியின் நிக்கா மூல், கிளார்க்கை நிழலாகத் தொடர்ந்தார். பந்து தன்னிடம் வருவதற்கே கிளார்க் போராட வேண்டியிருந்தது. முதல் பாதியில் அவர் எடுத்தது 6 புள்ளிகள். மூன்று புள்ளி முயற்சி ஆறும் வீண். தனியாளாகச் செய்யப்பட்ட தடுப்புகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஆனாலும் அயோவா 71-69 என்று வென்றது. எல்லார் கண்ணும் கிளார்க்கின் மேல் இருந்தபோது ஹன்னா ஸ்டுல்கே வளையத்தடியில் 23 புள்ளிகள் சேர்த்துவிட்டார்.

இனி இயற்பியல். பந்து கையை விட்டுக் கிளம்பும் உயரம் 2 மீட்டர், கோணம் 48 பாகை என்று வைத்துக்கொள்வோம். 6.75 மீட்டரிலிருந்து 3.05 மீட்டர் உயர வளையத்தை எட்ட, நொடிக்குச் சுமார் 8.8 மீட்டர் வேகம் தேவை. 9 மீட்டரிலிருந்து என்றால் சுமார் 10 மீட்டர். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது, எனவே பந்துக்குக் கொடுக்க வேண்டிய ஆற்றல் கால் பங்குக்கு மேல் கூடுகிறது. அதைக் கை மட்டும் தருவதில்லை. பெரும்பகுதி முழங்கால் மடிந்து நிமிர்வதிலிருந்து வருகிறது. கால் களைத்தால் பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பும். ஆகவே தடுப்பவரின் உண்மையான வேலை ஷாட்டுக்கு முன்பே தொடங்குகிறது. ஓட்டத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் மார்பைக் கொடுத்து வழியை நீளமாக்க வேண்டும், ஒவ்வொரு பாஸையும் வாங்க அவரைக் கூடுதலாக ஓடவைக்க வேண்டும். இப்படி உடம்போடு உடம்பு மோதினால் ஃபவுல் விழும், ஐந்து ஆனால் வெளியேற வேண்டும். அதனால் இது ஒருவரால் முடிகிற காரியமல்ல.

யூகானை வென்ற இரண்டாம் நாள், ஏப்ரல் 7, இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் சவுத் கரோலினா. அயோவா 10-0 என்று தொடங்கியது. முதல் கால்பகுதியில் மட்டும் கிளார்க் 18 புள்ளிகள் எடுத்தார். சவுத் கரோலினாவின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி பதறவில்லை. அன்று கிளார்க்கை மறித்தவர்களில் முக்கியமானவர், முந்தைய ஆண்டு கையசைத்து ஒதுக்கப்பட்ட அதே ரேவன் ஜான்சன். முதல் பாதி முடியும் தறுவாயில் அவர் கிளார்க்கின் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய் லே-அப் (வளையத்தடியிலிருந்து போடும் எளிய ஷாட்) போட்டார். இடைவேளையில் ஸ்கோர் சவுத் கரோலினா 49, அயோவா 46. மீதி மூன்று கால்பகுதிகளிலும் சேர்த்துக் கிளார்க்குக்குக் கிடைத்தது 12 புள்ளிகள்.

ஜான்சனின் உழைப்பு பெரிது. ஆனால் அதற்குத் துணை நின்றது பெஞ்ச். மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்த புள்ளிகள்: சவுத் கரோலினா 37, அயோவா 0. ஒரு பக்கம் புதுக் கால்கள் வந்துகொண்டே இருந்தன, மறுபக்கம் தொடங்கியவர்களே சுமந்தார்கள். ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டிலிருந்து பந்தைக் கைப்பற்றுவது, சவுத் கரோலினாவுக்கு 51, அயோவாவுக்கு 29. தவறிய ஷாட்டுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைக்காதபோது, நட்சத்திரம் தவறவிடும் ஒவ்வொரு ஷாட்டும் இரட்டை நட்டமாகிறது. கிளார்க் 30 புள்ளிகளோடு முடித்தார். ஆட்டம் 87-75 என்று சவுத் கரோலினாவுக்குப் போனது, 38 ஆட்டங்களில் 38-ஆவது வெற்றியாக. அதற்கு ஆறு நாள் முன்பு எல்எஸ்யூ அணிக்கு எதிராக ஒன்பது மூன்று புள்ளி ஷாட்களோடு 41 எடுத்தவர் கிளார்க். அவரைத் துரத்த அடுத்தடுத்து ஆள் அனுப்பும் வசதி கல்லூரி அணிகளில் மிகச் சிலவற்றுக்கே உண்டு.