கபச் சுரப்பியா, மூளையடிச் சுரப்பியா?

போன மாதம் அத்தையை ரத்தப் பரிசோதனைக்காகக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போயிருந்தேன். சாயங்காலம் சீட்டு வந்தது. டி.எஸ்.எச். என்ற இடத்தில் 11 என்று போட்டிருந்தது. மூன்று மாதம் முன்னால் 6. டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். காவேரிப்பட்டணம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அத்தை வாயைத் திறந்தார்.

"ஏன் கண்ணு, தைராய்டு ஆறுல இருந்து பதினொண்ணா ஏறிடுச்சே. ஏற்கெனவே ஜாஸ்தியா சுரக்குதுன்னா மாத்திரையைக் குறைக்கத்தானே வேணும்? எதுக்குக் கூட்டுறாங்க?"

கேள்வியில் தப்பே இல்லை. அந்த எண் தைராய்டு சுரக்கும் நீரின் அளவு என்று எடுத்துக்கொண்டால் அத்தை சொல்வதுதான் நியாயம். ஆனால் டி.எஸ்.எச். தைராய்டிலிருந்து கிளம்புவதில்லை, தைராய்டுக்கு வந்து சேர்வது. மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பி, "இன்னும் சுர" என்று அனுப்பும் ஆணை அது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சோர்ந்துபோனால் மேலிருந்து வரும் ஆணை பலமாகும். எண் ஏறினால் தைராய்டு குறைவாக வேலை செய்கிறது, மேலே இருப்பது அதை விரட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாத்திரையின் மூலம் ரத்தத்தில் தைராய்டு நீர் போதிய அளவு வந்துவிட்டால் ஆணையும் தணியும். அது நிலைக்கு வர ஆறு வாரமாவது பிடிக்கும். அடுத்த பரிசோதனையை உடனே செய்யாமல் தள்ளி எழுதுவது அதனால்தான்.

அத்தை தலையாட்டினார். அப்புறம் கேட்டார், "அந்த மேல இருக்கிறதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

"கபச் சுரப்பி."

"கபமா? எனக்குச் சளியே இல்லையே!"

அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அத்தைக்கு விளங்கியிருந்ததைக் குழப்பியது நான் சொன்ன அந்தப் பெயர்தான்.

பெயர் வந்த கதை பழையது. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த கிரேக்கர் கேலன், மூளையில் உண்டாகும் கழிவு சளியாகக் கீழே இறங்கி, இந்தச் சுரப்பி வழியாக வடிந்து மூக்குக்கும் தொண்டைக்கும் வருகிறது என்று நம்பினார். இலத்தீன் மொழியில் சளிக்குப் பெயர் பிட்யூட்டா. 1543இல் மனித உடற்கூற்றைப் படங்களோடு அச்சில் கொண்டுவந்த வெசாலியஸும் அதே நம்பிக்கையில் இதை மூளையின் சளியை வாங்கிக்கொள்ளும் சுரப்பி என்றே குறித்தார். 17ஆம் நூற்றாண்டில் கான்ராட் ஷ்னைடரும் ரிச்சர்ட் லோயரும் மூளையிலிருந்து மூக்குக்குச் சளி இறங்க வழியே இல்லை என்று காட்டிவிட்டார்கள். சளி மூக்கின் உள்தோலில் ஊறுவது. நம்பிக்கை போனது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பிற்பாடு தமிழில் கலைச்சொல் ஆக்கியவர்கள் பிட்யூட்டாவுக்கு நேரான சொல்லைத் தேடி, வாத பித்த கபத்தில் இருக்கும் கபத்தைப் போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு என்ற அளவில் துல்லியமான வேலை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒருவர் பிட்யூட்டரி என்று சொல்லும்போது அவர் காதில் சளி விழுவதில்லை. அந்தப் பொருள் அங்கே என்றோ செத்துவிட்டது. கபம் தமிழில் உயிரோடு இருக்கும் சொல். நெஞ்சில் கபம் கட்டியிருக்கிறது என்று இன்றைக்கும் பாட்டிகள் சொல்கிறார்கள். கேலனின் தவறு ஐரோப்பிய மொழிகளில் அடங்கிக் கிடக்க, நாம் அதை எழுப்பித் தமிழில் நடக்கவிட்டிருக்கிறோம்.

நம் மாவட்டத்தில் இன்னொரு பெயரும் காதில் விழும். ஓசூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. தெலுங்கு வழியில் அறிவியல் படித்தவரைக் கேட்டால் இதைப் பீயூஷ கிரந்தி என்பார். இந்தியிலும் அதுவே. பிட்யூட்டரி என்ற ஒலிக்கு நெருக்கமாக இருப்பதால் எடுத்துக்கொண்ட சொல்லாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பீயூஷம் என்ற வடசொல்லுக்கு அமுதம் என்ற பொருளோடு, கன்று ஈன்ற முதல் சில நாட்களின் பால் என்ற பொருளும் உண்டு. அதாவது நம் சீம்பால், அவர்களுடைய ஜுன்னு. பால் ஊறுவதற்கும் மடியிலிருந்து இறங்குவதற்கும் இந்தச் சுரப்பியே காரணம் என்பதை நினைத்தால், ஒலிக்காக எடுத்த சொல் பொருளிலும் எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது! ஒரே சுரப்பி. ஒரு வீட்டில் அதற்குப் பெயர் சளி, அடுத்த வீட்டில் சீம்பால்.

பாலைப் பற்றிச் சொல்லாமல் சுரப்பி என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. இலத்தீனில் கிளாண்டுலா என்றால் சிறிய ஓக் மரக் கொட்டை. உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். தமிழ் அதன் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தது. சுரத்தல் என்றால் உள்ளேயிருந்து ஊறி வெளிவருதல். பழந்தமிழில் பசுவின் மடிக்கே சுரை என்று பெயர். மாடு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இன்றும் "மாடு சுரக்கல, கன்னை அவுத்து விடு" என்ற பேச்சு கேட்கும். கன்று வந்து மடியை முட்டுகிறது. அந்தத் தொடுவுணர்வு நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் செய்து, பிட்யூட்டரியின் பின் கதுப்பில், அதாவது பின்பகுதியில், சேர்த்து வைத்த ஆக்சிடோசின் என்ற நீர் ரத்தத்தில் கலக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் மடியில் பால் நுண்ணறைகளைச் சுற்றியிருக்கும் சிறு தசைகள் இறுகிப் பால் இறங்குகிறது. இந்த வேகம் சில நிமிடங்கள்தான் நிற்கும். அதற்குள் கறந்தாக வேண்டும். பழகாத ஆள் வந்து உட்கார்ந்தாலோ நாய் குரைத்து மிரட்டினாலோ மாடு பாலை அடக்கிக்கொள்வதும் இதே வழியில்தான். பயத்தில் ஊறும் அட்ரினலின் ஆக்சிடோசினின் வேலையைத் தடுத்துவிடுகிறது. இதையெல்லாம் எங்கள் அப்பத்தா பெயர் தெரியாமலே அறிந்திருந்தார். கறக்கும்போது யாரையும் தொழுவத்துப் பக்கம் விடமாட்டார்.

ஆக்சிடோசின் என்பதும் கிரேக்கம், விரைவான பேறு என்று பொருள். கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணத்தை 1906இல் ஹென்றி டேல் கண்டறிந்ததால் வந்த பெயர். பிரசவ அறையில் வலி வருவதற்குப் போடும் ஊசி இதுதான்.

சரி, தமிழ்ப் பெயருக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் சோமரிங், சளியை விட்டுவிட்டு ஹைப்போபைசிஸ் என்ற கிரேக்கப் பெயரைக் கொண்டுவந்தார். அடியில் வளர்ந்தது என்று பொருள். தமிழில் சிலர் எழுதும் மூளையடிச் சுரப்பி என்ற பெயர் இந்த வழியில் வருவது. எனக்கு இதுவே சரியான சொல். கருவில் இதன் பின் கதுப்பு மூளையிலிருந்து கீழே இறங்குகிறது, முன் கதுப்போ வாயின் மேலண்ணத்திலிருந்து மேலே ஏறிப்போய் அதனோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே மூளையின் அடியில் முளைத்தது என்றால் பாதிதான் உண்மை. மூளையின் அடியில் இருப்பது என்றால் முழு உண்மை. மூளையடி என்ற சொல் இருப்பிடத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது, அது போதும்.

இருக்கும் இடம் எலும்பில் குதிரைச் சேணம் போன்ற ஒரு பள்ளம். அளவு ஓர் அவரைக்கொட்டை, எடை ஏறக்குறைய அரை கிராம். இன்று இதில் கட்டி வந்தால் பெரும்பாலும் மூக்கு வழியாகவே கருவியை நுழைத்து எடுக்கிறார்கள். சளி இறங்காத வழியில் மருத்துவர் ஏறிப்போகிறார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு நோயைச் சொல்கிறேன். கர்ப்ப காலத்தில் மூளையடிச் சுரப்பி பெருக்கும். பிரசவத்தில் உதிரப்போக்கு அளவு மீறி ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால், பெருத்திருக்கும் அந்தச் சுரப்பிக்கு ரத்தம் போதாமல் அதன் முன் கதுப்பு செத்துப்போகலாம். 1937இல் ஹெரால்ட் ஷீஹன் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரிலேயே வழங்குகிறது. முதல் அறிகுறி, தாய்க்குப் பால் ஊறாது. பாலை ஊறச் செய்யும் புரோலாக்டின் முன் கதுப்பிலிருந்து வருவது. அப்புறம் மாதவிலக்கு திரும்ப வராது. உடம்பு சோரும், குளிர் தாங்காது. ஆண்டுக்கணக்கில் ரத்தசோகை என்றும் பலவீனம் என்றும் கீரை, பேரீச்சம்பழத்தோடு ஓட்டிவிடுவார்கள். இவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் பெரும்பாலும் ஏறியே இருக்காது, ஏனென்றால் ஆணை போடும் இடமே பழுது. தைராய்டு நீரையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். பிரசவத்தில் ஏகமாக ரத்தம் போன ஒரு பெண்ணுக்குப் பால் வரவில்லை என்றால், வீட்டில் இருப்பவர்களுக்கு மூளையின் அடியில் இருக்கும் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். கபம் என்ற பெயர் அவர்களை அங்கே கொண்டுபோகாது.

அடுத்த சொல் ஹைப்போதலாமஸ். 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் இதை நிலைநிறுத்தினார். கிரேக்கத்தில் தலாமஸ் என்றால் வீட்டின் உள்ளறை, மணவறை. அந்த உள்ளறைக்கு அடியில் இருப்பது ஹைப்போதலாமஸ். நான்கு கிராம் அளவே இருந்துகொண்டு பசி, தாகம், உறக்கம், உடம்புச் சூடு எல்லாவற்றையும் கவனிக்கிறது. பாடப் புத்தகத்தில் பிட்யூட்டரியைத் தலைமைச் சுரப்பி என்று படித்திருப்போம். தலைமைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஹைப்போதலாமஸிலிருந்து வரும் நீர், குறுகிய ரத்தக் குழாய்கள் வழியாக முன் கதுப்புக்கு இறங்கி, இதை விடு, அதை நிறுத்து என்கிறது. இதை நிறுவ ரோஜர் கில்லமின் இலட்சக்கணக்கான ஆட்டு மூளைகளிலிருந்தும், ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளிலிருந்தும் இந்தச் சிறு பகுதியைச் சேர்த்தார்கள். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஆடுகளையெல்லாம் சேர்த்தாலும் எத்தனையோ வருடத்துக்குப் போதாத கணக்கு அது. கிடைத்தது மில்லிகிராம் கணக்கில். 1969இல் முதலில் வடிவம் தெரிந்தது டி.ஆர்.எச்., அதாவது டி.எஸ்.எச்.சைக் கிளப்பிவிடும் நீர். அத்தையின் சீட்டில் இருந்த எண்ணுக்கு மேல்படி அது. 1977இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தச் சொல்லை நான் ஹைப்போதலாமஸ் என்றே எழுதுவேன். அது யாரையும் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகவில்லை. பாதி தமிழும் பாதி கிரேக்கமுமாக ஒட்டுப் போடுவதைவிட முழுக் கடன்சொல் நல்லது.

ஹார்மோனுக்கு மட்டும் நல்ல தமிழ் அமைந்திருக்கிறது: இயக்குநீர். 1905இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இந்தச் சொல்லை வழங்கியபோது, கிளப்பிவிடு, தூண்டு என்ற பொருள் தரும் கிரேக்க வினையை எடுத்தார். இயக்கு என்பது அதற்கு அப்படியே பொருந்துகிறது. அச்சில் இயக்குநர் என்று மாறிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நாளமில்லாச் சுரப்பி என்பதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. நாளம் என்றால் உள்ளே துளையுள்ள தண்டு, குழாய். எச்சில், வியர்வைச் சுரப்பிகளுக்கு நீரை வெளியே கொண்டுவரத் தனிக் குழாய் உண்டு, இவற்றுக்கு இல்லை, அதனால் அந்தப் பெயர். ஆனால் ரத்த நாளம் என்று அதே சொல்லைத்தான் ரத்தக் குழாய்க்கும் வைத்திருக்கிறோம். படிக்கிற பிள்ளை, ரத்தக் குழாயே இல்லாத சுரப்பி என்று புரிந்துகொண்டால் அதைக் குறை சொல்ல முடியாது. உண்மையில் இவற்றுக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம், சுரப்பதை நேரே ரத்தத்தில் விடுவதே இவற்றின் வழி. அகச் சுரப்பி என்று சொன்னால் இந்தக் குழப்பம் வராது.

புழக்கத்தில் இருப்பதை இனி மாற்ற முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மூளையடிச் சுரப்பியின் பின் கதுப்பிலிருந்து வரும் வாசோபிரஸின் என்ற இயக்குநீர் குறைந்தால் உடம்பில் நீர் தங்காது, சிறுநீர் லிட்டர் கணக்கில் போகும். இதற்கு நூற்றாண்டுகளாக டயபடிஸ் இன்சிபிடஸ் என்று பெயர். டயபடிஸ் என்றதும் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு, மருத்துவமனைகளிலேயே சிலருக்குத் தேவையான மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஆபத்தாக முடிந்ததும் உண்டு. அதனால் 2022இல் வல்லுநர்கள் கூடி, வாசோபிரஸின் குறைபாடு என்று நேராகப் பெயர் மாற்றப் பரிந்துரைத்தார்கள். அத்தனை பழைய பெயரை அவர்கள் மாற்ற முன்வந்தபோது, கபச் சுரப்பியை மூளையடிச் சுரப்பி ஆக்க நமக்குத் தடை ஏதும் இல்லை.

அத்தையின் ஃபைலில் டி.எஸ்.எச். என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் "மூளையடிச் சுரப்பி போடும் ஆணை, ஏறினால் தைராய்டு குறைவு" என்று எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா தன்னுடைய சீட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது, அத்தையே அதைப் படித்துக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.