'என்பதே கதை' என்று முடியும் லாக்லைன்கள்

"நேர்மையான இளைஞன் ஒருவனின் வாழ்க்கையில் எதிர்பாராத சம்பவம் ஒன்று நடக்கிறது. அதன்பின் அவன் வாழ்க்கை எப்படி மாறுகிறது என்பதே கதை." மதிப்பீட்டுக்கு வரும் திரைக்கதைகளின் முதல் பக்கத்தில், சொற்கள் கொஞ்சம் மாறி, அடிக்கடி தென்படும் லாக்லைன் (முழுக் கதையையும் ஓரிரு வாக்கியத்தில் சொல்லும் வரி) இது. பாதிப் படங்களுக்கு இது பொருந்தும். கோளாறே அதுதான்.

லாக்லைன் படிப்பவருக்குத் தெரிய வேண்டியவை கொஞ்சம்தான்: யார், எது அவரை உலுக்குகிறது, அதனால் அவர் என்ன செய்யக் கிளம்புகிறார், குறுக்கே நிற்பது யார், தோற்றால் எது போகும். மேலே உள்ள வரியில் 'யார்' மட்டும் அரைகுறையாக இருக்கிறது. மற்றதெல்லாம் 'சம்பவம்', 'மாறுகிறது' என்ற இரண்டு சொற்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

இப்போது இதைப் படியுங்கள்: "வங்கியில் கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கும் மூத்த அதிகாரி, தன் மேசைக்கு வந்த நோட்டுகளை அச்சடித்தது சொந்த மகன்தான் என்று அறிந்ததும், தன்னிடமே தொழில் கற்றவர் நடத்தும் விசாரணை அவனை நெருங்கும் முன் மீதி நோட்டுகளைத் தேடி அழிக்கக் கிளம்புகிறார்." 27 சொற்கள். பெயர் இல்லை, தேவையும் இல்லை. பெயரைச் சொன்னால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது, தொழிலைச் சொன்னால் பாதி ஆள் தெரிந்துவிடுகிறார். வரலாற்றில் வாழ்ந்தவரைப் பற்றிய படம் என்றால் மட்டும் பெயர் வேண்டும். பிடிப்பதே வேலையாக இருந்தவர் மறைக்கப் போகிறார் என்ற முரண் தனியாக விளக்கப்படவில்லை. ஆளையும் வேலையையும் பொருத்திய விதத்திலேயே வந்துவிட்டது. எதிராளியும் முகமில்லாத போலீஸ் அல்ல, அவருடைய தந்திரமெல்லாம் தெரிந்த ஒருவர்.

ஆங்கிலத்தில் 25 முதல் 35 சொற்கள் என்று சொல்வார்கள். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 20 முதல் 30 போதும். ஆனால் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வினைமுற்று கடைசியில் வருவதால் வாக்கியத்தின் பாரம் முழுவதும் அங்கே போய் உட்கார்கிறது. 'சந்திக்கிறான்', 'உணர்கிறாள்', 'போராடுகிறார்' என்று முடித்தால் அதற்கு முன் கட்டியதெல்லாம் சரிந்துவிடும். இவற்றில் 'போராடுகிறார்' ரொம்ப ஆபத்து: வேகமாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் கேமரா முன் நடிகர் என்ன செய்வார் என்று சொல்லாது. படம் பிடிக்கக்கூடிய வினையாகத் தேடுங்கள்: கடத்துகிறார், அழிக்கிறார், சாட்சி சொல்ல மறுக்கிறார்.

அடைமொழியிலும் இதே கண்டிப்பு வேண்டும். 'நல்ல', 'நேர்மையான', 'துடிப்பான' எல்லாம் வீண். இந்தக் கதையில் அந்த ஆளுக்கே எந்தக் குணம் சிக்கலாகப் போகிறதோ அதைப் போடுங்கள். உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர் என்றால், கதை அவரை ஏற வைக்க வேண்டும். இல்லையென்றால் அதை எடுத்துவிடலாம்.

கவனித்துப் பார்த்தால் பல லாக்லைன்கள் முதல் கால்மணி நேரத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கில், 110 பக்கத் திரைக்கதையில் உலுக்கும் நிகழ்வு பெரும்பாலும் 10லிருந்து 15ஆம் பக்கத்துக்குள் வந்துவிடும். 25, 30ஆம் பக்கத்துக்குப் பிறகான நீண்ட நடுப்பகுதியில் என்ன ஓடும் என்பதைத்தான் லாக்லைன் காட்ட வேண்டும். அது எழுத வரவில்லை என்றால் வாக்கியத்தைச் செதுக்கிப் பயனில்லை. நடுப்பகுதியே இன்னும் யோசிக்கப்படவில்லை. அதனால்தான் திரைக்கதைக்கு முன்பே லாக்லைனை எழுதிப் பார்க்கச் சொல்கிறோம். ஒரு வரி சரியில்லை என்று தெரிந்துகொள்வது, 60 பக்கம் எழுதிய பிறகு தெரிந்துகொள்வதைவிட மலிவு.

சஸ்பென்ஸ் கெட்டுவிடும் என்று படிப்பவரை இழுக்கும் கொக்கியையே மறைப்பவர்கள் உண்டு. முதல் பாதியிலேயே உடையும் ரகசியம் என்றால் சொல்லிவிடுங்கள். மகன்தான் குற்றவாளி என்பதை மறைத்தால் மேலே உள்ள கதையில் வாங்க ஒன்றுமே இல்லை. முடிவில் வரும் திருப்பத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது கதைச்சுருக்கத்துக்கு உரியது. கேள்விக்குறியில் முடிப்பதும், 'காமெடி கலந்த எமோஷனல் த்ரில்லர்' என்று ஒட்டுவதும் வேண்டாம். நகைச்சுவை என்றால் நிலைமையைக் கேட்டதுமே சிரிப்பு வர வேண்டும். போஸ்டரில் போடும் டேக்லைன் வேறு வேலை, அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

வெப் சீரிஸுக்கு ஒரு மாற்றம்: ஒரு முறை அடைந்தால் தீர்ந்துபோகும் இலக்கு போதாது. எபிசோடுக்கு எபிசோடு புதுச் சிக்கலைப் பெறக்கூடிய சூழல் அந்த வரியில் தெரிய வேண்டும்.

எழுதியதைத் தாளில் காட்டாமல் வாயால் சொல்லுங்கள். கேட்பவர் "யாரு?" என்றால் ஆட்கள் அதிகம். "அவருக்கு என்ன வந்தது?" என்றால் இழப்பு சொல்லப்படவில்லை. "அப்புறம்?" என்றால் சரி. ஒரு மணி நேரம் கழித்து அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் விட்டுவிடும் பகுதியை அடுத்த வரைவில் கூர்மையாக்கலாம், அல்லது நீக்கலாம்.

வெளியே அனுப்பும் முன் இன்னொன்று. காப்புரிமை (காப்பிரைட்) எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான், யோசனைக்கு அல்ல. ஒற்றை வரியைக் கையில் வைத்துக்கொண்டு உரிமை கோருவது கடினம். விரிவான கதைச்சுருக்கத்தையோ முழுத் திரைக்கதையையோ பதிவு செய்துவிட்டு லாக்லைனை அனுப்புங்கள். யாருக்கு, எந்தத் தேதியில் என்பது மின்னஞ்சலில் இருக்கட்டும்.