கூகைப் பெட்டி வைத்த தோட்டத்தில் எலிமருந்து

இரவில் கூரைமேல் சாக்குருவி, அதாவது கூகை, அலறினால் அந்த வீட்டில் சாவு விழும் என்று லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பெரியவர்கள் இன்றும் பயப்படுகிறார்கள். மலாய்க்காரர்களும் அதைப் பூரோங் ஹந்து, பேய்ப் பறவை என்பார்கள். மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் கம்பத்தின் மேல் நிற்கும் மரப்பெட்டிகள் இந்தக் கூகைக்காகத்தான். தயவுசெய்து அவற்றின் மேல் கல்லெறிய விடாதீர்கள்.

தோட்டத்தில் வாழும் கூகையின் இரையில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலிதான். எலி குலையைக் கொறிக்கும். இளங்கன்றின் குருத்தைத் தின்று கன்றையே சாகடிக்கும். எலி பெருகினால் அதைத் தேடி நாகம் லயத்துக்கு வரும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சலும் வரும்.

தீபகற்ப மலேசியாவில் கூகை ஒரு காலத்தில் அரிது. இங்கே அது குஞ்சு பொரித்த முதல் பதிவு 1968இல், ஜொகூர் செம்பனைத் தோட்டம் ஒன்றில். செம்பனைக் காட்டில் தீனிக்குக் குறைவில்லை, முட்டையிடப் பொந்துதான் இல்லை. பெட்டி அந்தக் குறையைத் தீர்க்கிறது.

பெட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் போதும். உள்ளே பாதித் தடுப்பு வையுங்கள். குஞ்சுகள் இருட்டில் ஒதுங்கி நிற்கும். அடியில் தண்ணீர் வடிய நாலு துளை. கம்பம் 15 அடி, அதில் ஒரு முழத்துக்குக் குறையாத அகலத்தில் வழுவழுப்பான தகரம் சுற்றினால் பாம்பும் உடும்பும் ஏறாது. பனை மட்டை பெட்டியைத் தொட்டால் அந்தத் தகரத்தால் பயனில்லை. 10 ஹெக்டருக்கு ஒரு பெட்டி, எலி மிகுந்த இடத்தில் 5 ஹெக்டருக்கு ஒன்று. முட்டையோ குஞ்சோ இருக்கும்போது திறந்து பார்க்காதீர்கள், தொந்தரவால் தாய் கைவிட்டுப் போகலாம். குஞ்சுகள் பறந்து போன பிறகு, கூகை கக்கிய எலும்பு உருண்டைகளை வாரிவிட்டுக் குளவிக்கூடு இருந்தால் அகற்றுங்கள்.

பெட்டி காலியாகவே கிடக்கிறது என்று கேட்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, என்ன மருந்து போடுகிறீர்கள் என்பதுதான். புரோடிஃபகூம் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்தை, அதாவது பின்னால் வந்த கடும் எலிமருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு வெட்டவெளியில் திரியும். கூகைக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது? மருந்து பறவையின் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். அடுத்தடுத்து இப்படிப்பட்ட எலிகளைத் தின்றால் பறவையும் உள்ளே இரத்தம் கசிந்து சாகலாம். முதல் தலைமுறை மருந்தான வார்ஃபரின் இவ்வளவு நாள் தங்காது. ஆனால் சில இடங்களில் எலி அதற்குப் பழகிவிட்டது. கடும் மருந்து தவிர்க்க முடியாதபோது, புதிதாகக் கடிபட்ட மரங்கள் 5 விழுக்காட்டைத் தாண்டிய பகுதியில் மட்டும் போடுங்கள். மரத்துக்கு மருந்து கலந்த ஒரு மெழுகுக்கட்டி. தின்றதை மட்டும் சில நாளுக்கு ஒருமுறை மாற்றி வையுங்கள். வைத்த கட்டிகளில் 20 விழுக்காட்டுக்குக் கீழ் எடுபட்டால் நிறுத்துங்கள். செத்த எலிகளைத் தினமும் காலையில் பொறுக்கிப் புதைக்க ஆள் வையுங்கள். இந்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கூகையே இல்லாத தோட்டத்துக்கு வேறிடத்திலிருந்து கொண்டுவரலாம், ஆனால் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அனுமதி முதலில் வேண்டும். பறக்கும் வயதை நெருங்கும் குஞ்சுகளைப் பெட்டியில் விட்டு, மனித முகம் தெரியாமல் ஒவ்வொரு மாலையும் எலி வைக்க வேண்டும். பறந்த பிறகும் சில வாரம் அங்கேயே தீனி வைத்தால்தான் அவை வேட்டை பழகும்வரை பட்டினி கிடக்காது. எண்ணிக்கை பெருக இரண்டு மூன்று ஆண்டு ஆகும், அதற்குள் பலன் இல்லை என்று மீண்டும் கடும் மருந்துக்குப் போய்விடாதீர்கள்.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் பாலும் சோறும் ஊட்டாதீர்கள். காயம் இல்லையென்றால் துண்டால் மூடி எடுத்து அதே பெட்டியில் விடுங்கள். மனிதர் தொட்டதால் தாய் ஒதுக்கிவிடாது. காயம் இருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்துப் பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் வளர்ப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.