9 எம்.எம்-ஆ .45-ஆ எண்டு கேக்க முதல்: திருகோணமலையில துவக்கு லைசன்ஸ் விசயம்

என்.சி ரோட்டில கடை வைச்சிருக்கிற தம்பி ஒராள் போன கிழமை கேட்டான், "அண்ணை, வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு பிஸ்டல் எடுக்க யோசிக்கிறன், 9 எம்.எம் நல்லமோ .45 நல்லமோ?" எண்டு. அமெரிக்காக்காரன்ர வீடியோவ இரவிரவா பாத்திருக்கிறான் எண்டு விளங்கிச்சு, ஏனெண்டா அங்கதான் ஆள் கடைக்குப் போய் கண்ணாடிக்குள்ள கிடக்கிறத காட்டி இது வேணும் அது வேணும் எண்டு கேக்கலாம். இங்க முதல் காரணம், பிறகு அனுமதி, அதுக்குப் பிறகுதான் துவக்கு, கடைசியிலதான் ரவை என்ன சைஸ் எண்ட கதை.

எல்லாத்துக்கும் அடிச்சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், 1996 இல 22 ஆம் இலக்கச் சட்டத்தால திருத்தி தண்டனைகள நல்லா இறுக்கிட்டாங்க. நடைமுறையில ரெண்டு வழி இருக்கு. வயல் தோட்டம் பாக்கிறதுக்கு ஷொட்கன் எண்டா கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். சொந்த உயிர்ப் பாதுகாப்புக்கு பிஸ்டல், ரிவோல்வர் எண்டா பாதுகாப்பு அமைச்சு. ரெண்டையும் குழப்பிக்கொண்டு கச்சேரியில போய் நிண்டு பிஸ்டல் ஃபோர்ம் கேக்கிற ஆக்கள் இப்பவும் இருக்கினம்.

பிஸ்டல் வழியில எல்லாரும் விழுற இடம் காரணம்தான். "கள்ளர் பயமா இருக்கு" எண்டது காரணமா எடுபடாது, அப்பிடிப் பாத்தா திருமலையில அரைவாசிப் பேருக்குக் குடுக்கோணும். உங்களுக்கெண்டு தனியா ஒரு அச்சுறுத்தல் இருக்கோணும், அதப் பத்தி பொலிஸில முறைப்பாடு போட்டிருந்தா அந்த என்ட்ரிதான் உங்கட கையில இருக்கிற பெரிய சாமான். பொலிஸ் உங்களப் பத்தி விசாரிக்கும், ஜீ.எஸ்ஸிட்டயும், அதாவது கிராம சேவகரிட்டயும், கேப்பாங்கள், அதுக்குப் பிறகும் இல்லை எண்டு சொல்ல அமைச்சுக்கு முழு உரிமை இருக்கு. தந்தாலும் அது உங்கட சொத்து எண்டு நினைக்கவேண்டாம், 2024 நவம்பரில என்ன நடந்தது எண்டு ஞாபகம் இருக்கும்தானே, தற்பாதுகாப்புக்கெண்டு குடுத்த துவக்கெல்லாத்தையும் மறுபரிசீலனைக்கு வெலிசறை கடற்படை முகாமில கொண்டுவந்து ஒப்படையுங்கோ எண்டு பாதுகாப்பு அமைச்சு அறிவிச்சது, வருசக்கணக்கா இடுப்பில கட்டித் திரிஞ்ச பெரிய ஆக்களும்தான் கொண்டுபோகவேண்டி வந்தது.

இனி தம்பியின்ர கேள்வி. அதையும் சொல்லாம விட்டா அவன் விடமாட்டான்.

.38, .45 எண்டு சொல்லுறது ரவையின்ர விட்டம், இஞ்சியில. ஆனா அந்தப் பேர அப்பிடியே நம்பேலாது, 1898 இல ஸ்மித் அண்ட் வெஸன்காரர் செய்த .38 ஸ்பெஷல் ரவைய அளந்து பாத்தா .357 தான் வரும். அதாலதான் 1935 இல வந்த .357 மேக்னம் ரிவோல்வருக்குள்ள .38 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம், மற்றப் பக்கமா ஏலாது, மேக்னம் தோட்டா நீளம் கூட, அமுக்கமும் கூட. 9 எம்.எம் ஜேர்மன்காரன் 1902 இல கொண்டுவந்தது. .45 அமெரிக்க ஆமியின்ர 1911 பிஸ்டலோட பேர் எடுத்தது, பாரமான ரவை, ஆனா வேகம் குறைவு.

இதில எது நல்லம் எண்ட சண்டை அமெரிக்காவில நூறு வருசத்துக்கு மேல ஓடுது. 1986 இல மயாமியில நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில எஃப்.பி.ஐ ஆக்கள் ரெண்டு பேர் செத்தாப்பிறகு 9 எம்.எம் ரவை போதுமான ஆழத்துக்குப் போகேல்ல எண்டு சொல்லி 10 எம்.எம்முக்கு மாறினாங்கள், அது கைய உதைக்குது எண்டு .40க்கு வந்தாங்கள், கடைசியில சுத்திச் சுத்தி திரும்ப 9 எம்.எம்முக்கே வந்து நிண்டாங்கள். மனுசச் சதைக்குப் பதிலா ஜெல்லிக் கட்டியில சுட்டுப் பாத்து 12 முதல் 18 இஞ்சி உள்ள போனா சரி எண்டதுதான் அவங்கட கணக்கு, இப்பத்த 9 எம்.எம் ரவை அதைச் செய்யுது, உதை குறைவு, மகசீனுக்குள்ள கூடவும் பிடிக்கும், சுடுறவன் குறி தவறுறதும் குறைவு. என்ர அபிப்பிராயத்தில அந்தக் கடைசி விசயம்தான் முக்கியம், .45ஐ வைச்சு சுவருக்கு அடிக்கிறதவிட .38ஐ வைச்சு அடிக்கோணும் எண்டு நினைச்ச இடத்தில அடிக்கிறது மேல். தகரமும் பலகையும் அடிச்ச வீடுகள் நெருங்கிக் கிடக்கிற எங்கட ஒழுங்கையளில இதுல எந்த ரவையும் அடுத்த வீட்டுக்குள்ள போய்த்தான் நிக்கும், அங்க ஆர் படுத்திருக்கினம் எண்டு தெரியாது.

ஆனா தம்பி, இங்க நீ தெரிவு செய்யிற மாதிரி ஒண்டுமில்ல. அனுமதியில எந்த துவக்கு எண்டு இருக்குதோ அதுதான், அதின்ர இலக்கமும் அதில இருக்கும், தோட்டாவும் அனுமதிப்படிதான் வாங்கலாம். ஆசைக்கு நூறு ரவை வாங்கிச் சுட்டுப் பழகுற பழக்கம் இங்க இல்ல. கனடாவில இருக்கிற மச்சான் பெட்டிக்குள்ள வைச்சு கொண்டுவந்து தருவான் எண்ட கதையையும் விடு, எயார் ரைபிளக்கூட விளையாட்டுச் சாமான் எண்டு நினைச்சுக் கொண்டுவந்து எயார்போட்டில முழிக்கவேண்டாம்.

சுட்டாப்பிறகு என்ன எண்டும் யோசிக்கோணும். தண்டனைச் சட்டக்கோவையில 89 முதல் 99 வரை பிரிவுகள் தற்பாதுகாப்பு உரிமையப் பத்திச் சொல்லுது. தேவைக்கு மிஞ்சின தீங்கு செய்யேலாது, பொலிஸ கூப்பிட நேரம் இருந்தா அந்த உரிமையே இல்ல. உயிர் போகும் அல்லது பாரதூரமான காயம் வரும் எண்டு நியாயமான பயம் மாதிரிக் காரணம் இருந்தாத்தான் எதிராளியின்ர உயிர் போற அளவுக்குப் போகலாம், அதை 93 ஆம் பிரிவு சொல்லுது, கொள்ளை, இரவில வீடு உடைக்கிறது மாதிரிச் சொத்து விசயங்கள் 96 இல வருது. வாசலில நிண்ட மோட்டர்சைக்கிள உருட்டிக்கொண்டு ஓடுறவன்ர முதுகில சுட்டா அது தற்பாதுகாப்பு இல்ல, லைசன்ஸ் உள்ள துவக்கால சுட்டாலும் கொலை வழக்குத்தான்.

எங்கட மாவட்டத்தில உண்மையா துவக்கு தேவைப்படுறது தம்பலகாமம், கந்தளாய், மூதூர், சேருவில பக்கத்து வயல்காரருக்குத்தான். அவைக்கு 12 போர் ஷொட்கன். அது எங்கயிருந்து வந்த இலக்கமெண்டா, ஒரு இறாத்தல் ஈயத்த 12 சம உருண்டையாக்கினா ஒரு உருண்டை எவ்வளவு தடிப்போ அதுதான் குழலின்ர விட்டம், 18.5 மில்லிமீற்றர் அளவில வரும். காணி ஆவணம், ஜீ.எஸ் சிபாரிசு, பொலிஸ் அறிக்கை எல்லாம் வேணும். பண்டியக் கலைக்க அது சரி, யானைக்கு இல்ல, யானைய சுடுறது சட்டப்படி குற்றம், சன்னம் பட்ட யானை காயத்தோட அடுத்த ஊருக்குப் போய் அங்க ஆளை அடிக்கும். லைசன்ஸ் இல்லாத, மருந்து இடிச்சு நிரப்புற இடியன் துவக்கு, வரம்பில கட்டி வைக்கிற கட்டுத்துவக்கு, இதுகளப் பத்தி நான் சொல்லத் தேவையில்ல, பிடிபட்டா மறியல், பிடிபடாட்டியும் காலமைல வயலுக்குப் போற பக்கத்து வீட்டுக்காரன்ர கால் போகும்.

லைசன்ஸ் எடுத்தவை வருசா வருசம் ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31க்குள்ள புதுப்பிக்கோணும், விட்டா கையில இருக்கிறது சட்டவிரோதத் துவக்கு. லைசன்ஸ் ஆளின்ர பேரில, அப்பா செத்தா மகன் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிட்டு இருக்கேலாது, உடன பொலிஸுக்கோ கச்சேரிக்கோ அறிவிக்கோணும்.

தம்பலகாமத்து மாமாவோட ஒருமுறை புதுப்பிக்கப் போனன். குழலில அடிச்சிருந்த இலக்கத்தில நடு எண் துருப்பிடிச்சு 3-ஓ 8-ஓ எண்டு தெரியேல்ல, பழைய லைசன்ஸில 8, கவுண்டரில இருந்தவர் அது 3 எண்டு சொல்லி திருப்பி அனுப்பிட்டார், மாமாவுக்கு அண்டைக்கு பஸ் காசும் வீண், உழவும் வீண். வீட்ட வந்து மண்ணெண்ணெய் துணியால துடைச்சு, மேல வெள்ளைப் பேப்பர வைச்சு பென்சிலால மெல்லமாத் தேச்சன், 8 அப்பிடியே எழும்பி வந்தது. அடுத்த நாள் துவக்கோட அந்தப் பேப்பரையும் கொண்டுபோனம், அவர் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்திட்டு ஒண்டும் கதைக்காம சீல் அடிச்சுத் தந்தார், மாமா அந்தப் பேப்பர இப்பவும் லைசன்ஸ் புத்தகத்துக்குள்ள மடிச்சு வைச்சிருக்கிறார்.