ரீஜெனரேட்டிவ் மெடிசின்: மறுபிறப்பா, மீளுருவாக்கமா?

மதுரை கோரிப்பாளையம் பக்கம் ஒரு கிளினிக், பேரு வேணாம். முட்டி வலின்னு அப்பத்தாவ சோழவந்தான்ல இருந்து பஸ்ல கூட்டிட்டு வந்தோம், வாசல்ல பெரிய ஃப்ளெக்ஸ், "ரீஜெனரேட்டிவ் மெடிசின்"னு தமிழ் எழுத்துலயே போட்டு கீழ பொடி எழுத்துல "மறுபிறப்பு சிகிச்சை"ன்னு ஒரு வரி. அப்பத்தா எழுத்துக்கூட்டி படிச்சிட்டு "ஏப்பா, இங்க செத்தவுகளுக்கா வைத்தியம் பாக்குறாக?"ன்னு கேட்டுச்சு பாருங்க, டோக்கன் குடுக்குற பொண்ணுக்கே சிரிப்பு தாங்கல.

ஆனா அந்த போர்டு எழுதுனவர் வார்த்தைக்கு வார்த்தை சரியாத்தான் பண்ணிருக்காரு. 'ரீ'ன்னா மறுபடி, 'ஜெனரேட்' லத்தீன்ல இருந்து வந்தது, பெத்தெடுக்குறது, பிறப்பிக்கிறதுன்னு அர்த்தம். கரண்ட் போனா கடை வாசல்ல புகை விட்டுட்டு நிக்குற ஜெனரேட்டரும் அதே குடும்பம்தான், அவ்வளவு ஏன், நாம சொல்ற ஜனனம் இருக்கே, சமஸ்கிருதம் வழியா வந்தது, அதுக்கும் இதுக்கும் ஆதியில ஒரே வேர். வேர் சரி, பொருள்தான் சுடுகாட்டுப் பக்கம் போயிருச்சு. உடம்புல கெட்டுப்போன, தேஞ்சுபோன பாகத்த திரும்ப வளர வைக்கப் பாக்குற வைத்தியத்துக்குத்தான் ரீஜெனரேட்டிவ் மெடிசின்னு பேரு. 1992ல லீலண்ட் கைசர்னு ஒருத்தர் வருங்கால ஆஸ்பத்திரி எப்படி இருக்கும்னு எழுதுன கட்டுரையில இந்தப் பேரு வருது, அப்புறம் வில்லியம் ஹேசல்டைன்ங்கிறவர் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பரவுச்சு.

தமிழ்ல இதுக்கு மீளுருவாக்க மருத்துவம்னு எழுதுறாங்க, எனக்கு அது ஓகே. ஆனா நம்ம பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்துல ரீஜெனரேஷனுக்கு இதவிட அழகா ஒண்ணு இருக்கு, இழப்பு மீட்டல். ஹைட்ரான்னு தண்ணியில வாழுற பொடி உயிர துண்டு போட்டா ஒவ்வொரு துண்டும் முழு ஹைட்ராவா ஆகுமே, அது. பல்லி வால் அறுந்து திரும்ப வளர்றதும் அதுதான், ஆனா புதுசா வர்ற வாலுக்குள்ள பழைய மாதிரி கணு கணுவா முள்ளெலும்பு இருக்காது, ஒரே குருத்தெலும்புக் குழாய்தான் ஓடும்.

சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்குற பல்லி அசால்ட்டா வளர்த்துக்குற அந்த குருத்தெலும்பு தேஞ்சுதான் அப்பத்தா மாடிப்படிய பார்த்தாலே பெருமூச்சு விடுது. ஊர்ல இத ஜவ்வு தேஞ்சிருச்சும்பாங்க. கால் மடங்கி விழுந்து நார் கிழிஞ்சாலும் ஜவ்வு, மூட்டுக்குள்ள இருக்குற பிறை மாதிரி திண்டு கிழிஞ்சாலும் ஜவ்வு, எலும்பு நுனியில பூசுன மாதிரி வழுவழுன்னு இருக்குற குருத்தெலும்பு தேஞ்சாலும் ஜவ்வுதான், அதனால "ஜவ்வ வளர வச்சிருவோம்"னு எவனாவது சொன்னா எந்த ஜவ்வுன்னு முதல்ல கேக்கணும்.

இன்னொரு கூத்து, குருத்துன்னா நமக்கு முளைக்கிறது. வாழைய வெட்டிப் போட்டா மறுநாள் காலையில வெட்டுன வாய்க்கு நட்ட நடுவுல வட்டமா ஒரு துண்டு மேல தள்ளிட்டு நிக்கும், எங்க தோப்புல எத்தனையோ தடவ பாத்திருக்கேன், விரல் வச்சு அமுக்குனா ஈரமா இருக்கும். குருத்தெலும்புன்னு பேரு வச்சவங்க இளசா வளையிறத பாத்து வச்சிருக்கணும், முளைக்கிறத பாத்து இல்ல, ஏன்னா அதுக்குள்ள ரத்தக்குழாயே கிடையாது, பெரியவங்களுக்கு அது போனா சொல்லிக்கிற மாதிரி திரும்ப வர்றதில்ல.

இந்த வைத்தியத்துல அடிக்கடி அடிபடுற இன்னொரு பேரு ஸ்டெம் செல், மத்த செல்லுங்கள உருவாக்கக்கூடிய மூல செல். அதுக்கு சிலபேர் தண்டு செல்னு போடுறாங்க, அது சுத்தமா ஒட்டல. 1868ல எர்ன்ஸ்ட் ஹெக்கல்ங்கிற விஞ்ஞானி ஜெர்மன்ல ஷ்டாம்செல்னு எழுதுனாரு, வம்சத்துக்கு ஆதின்ற அர்த்தத்துல. நாம வாழையடி வாழைன்னு சொல்றோமே, அந்த வாசனை. அதனால குருத்தணுதான் சரியான சொல்.

சரி, உள்ள டாக்டர் என்ன சொன்னாரு? கையில ரத்தம் எடுத்து மெஷின்ல கிறுகிறுன்னு சுத்தவிட்டு தட்டணு (பிளேட்லெட்) நிறைஞ்ச பிளாஸ்மாவ மட்டும் பிரிச்சு முட்டிக்குள்ள ஊசி போடுறது, பிஆர்பி. "ஜவ்வு புதுசா வளந்துரும்"னாரு, விலைய கேட்டதும் எனக்குத்தான் முட்டி கழண்டுச்சு. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சா, 2021ல ஆஸ்திரேலியாவுல 288 பேர வச்சு பாத்திருக்காங்க, பாதிப்பேருக்கு பிஆர்பி, மீதிப்பேருக்கு வெறும் உப்புத்தண்ணி, ஒரு வருஷம் கழிச்சு வலியிலயும் சரி குருத்தெலும்பு அளவுலயும் சரி சொல்லிக்கிற வித்தியாசம் இல்ல. வலி குறைஞ்சதுன்னு சொல்ற வேற ஆய்வுகளும் இருக்கு, மறைக்க விரும்பல, ஆனா வலி குறையறது வேற, வளர்றது வேற, போர்டுல எழுதிருக்குறது வளர்றதப் பத்தி.

நெசமாவே வளர்த்தவங்களும் இருக்காங்க. 1994ல ஸ்வீடன் டாக்டருங்க, 23 நோயாளிங்களோட முட்டியில இருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து, அதுல உள்ள செல்ல லேப்ல பெருக்கி, திரும்ப அதே முட்டியில வச்சத வெளியிட்டாங்க. அதுக்குத்தான் இழப்பு மீட்டல்ங்கிற பேரு பொருந்தும், ஆனா அது அடிபட்டு ஒரு இடத்துல குழி விழுந்த முட்டிக்கு, மொத்தமா தேஞ்ச முட்டிக்கு இல்ல. குருத்தணு ஊசின்னு யாராவது விலை சொன்னா இன்னும் உஷார், ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட 2017 வழிகாட்டுதல்படி சில ரத்த நோய்க்கு செய்யிற மாற்று சிகிச்சை தவிர மத்ததெல்லாம் ஆராய்ச்சியா மட்டும்தான் செய்யணும், காசு வாங்கி வைத்தியமா போடக்கூடாது.

அப்பத்தாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, பக்கத்து வீட்டு அத்தை என்னத்தா சொன்னாகன்னு கேட்டப்ப "சொந்த ரத்த ஊசியாம்த்தா, என் ரத்தத்த எடுத்து எனக்கே விக்கிறாக"ன்னுச்சு. நான் இவ்வளவு நேரம் தேடுனதுல பிஆர்பிக்கு இதவிட நல்ல தமிழ் கிடைக்கல. இப்போதைக்கு பிசியோதெரபி தம்பி சொல்லிக்குடுத்தபடி துண்ட சுருட்டி முட்டிக்கு அடியில வச்சு அழுத்திக்கிட்டு இருக்கு, எண்ணிக்கைய மட்டும் நான் பாக்காதப்ப குறைச்சிருது.