97 லட்சம் பதில்களின் மதிப்பு 400 பேர்தானா?

"எங்கள் வீட்டில் ஐந்து ஓட்டு இருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட வந்து யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்டதில்லை. பிறகு யாரைக் கேட்டு மக்கள் மனநிலை இதுதான் என்று எழுதுகிறார்கள்?" தேர்தல் நெருங்கும்போதெல்லாம் வாசகர்களிடமிருந்து வந்துவிடும் கேள்வி இது.

2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். வாக்காளர்கள் சுமார் 97 கோடி. வாக்குப்பதிவு தொடங்குவதற்குச் சற்று முன் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையத்தின் லோக்நீதி பிரிவு எடுத்த கருத்துக்கணிப்பில் 19 மாநிலங்களில் 10,019 பேரைக் கேட்டார்கள். ஏறக்குறைய 97,000 பேருக்கு ஒருவர். உங்கள் வீட்டுக்கு யாரும் வராததில் வியப்பில்லை. ஊருக்கே வராமல் போயிருக்கலாம். அந்தப் பத்தாயிரம் பேரில் 27 சதவீதத்தினர் வேலையின்மையையும் 23 சதவீதத்தினர் விலைவாசியையும் முக்கியப் பிரச்சினை என்றார்கள். அயோத்தி ராமர் கோயிலைச் சொன்னவர்கள் 8 சதவீதம். பிரதமராக யார் வேண்டும் என்றதற்கு மோதி 48, ராகுல் காந்தி 27.

பத்தாயிரம் பேரை வைத்துக்கொண்டு 97 கோடிப் பேரைப் பற்றிப் பேசலாமா? பேசலாம், ஒரு நிபந்தனையோடு. பள்ளியில் படித்ததுதான்: மாதிரியின் அளவு, அதாவது கேட்கப்படுபவர்களின் எண்ணிக்கை, கூடக்கூடப் பிழை அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 100 பேரைக் கேட்டால் பிழை வரம்பு கூடுதலாகவோ குறைவாகவோ 10 புள்ளி. 400 பேருக்கு 5. 1,100 பேருக்கு 3. 10,000 பேருக்கு 1. இந்தக் கணக்கில் நாட்டின் மக்கள்தொகை எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்து லட்சத்துக்கும் குறைவான வாக்காளர்கள் உள்ள சிக்கிமுக்கும், 15 கோடி வாக்காளர்கள் உள்ள உத்தரப் பிரதேசத்துக்கும் அதே 1,100 பேர் அதே துல்லியத்தைத் தருவார்கள்.

நிபந்தனை என்னவென்றால், அந்த 1,100 பேரும் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கலில் விழுந்தவர்களாக இருக்க வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பானையில் எல்லா அரிசியும் ஒரே தீயில் வெந்தது. வாக்காளர்கள் அப்படியல்ல; எந்தப் பருக்கையை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதம் மாறும்.

ஆகவே வாக்காளர் பட்டியலில் இருந்து தொடங்குகிறார்கள். முதலில் தொகுதிகள், பிறகு அவற்றில் வாக்குச்சாவடிகள், பிறகு பட்டியலில் பெயர்கள். ஒரு சாவடியில் 1,000 பெயர், 20 பேர் வேண்டும் என்றால் ஐம்பதுக்கு ஒருவர். குலுக்கலில் 17 விழுந்தால் 17, 67, 117 என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் மறுபடி வர வேண்டுமே தவிர, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் படிவத்தை நிரப்பக் கூடாது. பகலில் திண்ணையில் இருப்பவரும் கூலி வேலைக்குப் போனவரும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பெயர் பீகார் பட்டியலில் இருக்கும், ஆள் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பார். வேலையின்மையைப் பற்றிக் கேட்கப் போனால், வேலை தேடி வெளியேறியவர்தான் அகப்படமாட்டார். எந்தக் கட்சி என்ற கேள்விக்கு மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. லோக்நீதி, நிஜத்தைப் போன்ற ஒரு வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்கிறது.

இவ்வளவு சிரமப்படாமல், கைபேசியில் ஒரு கோடிப் பேருக்குக் கேள்வி அனுப்பிவிட்டால் என்ன? அத்தனை பெரிய எண் எல்லாக் குறையையும் விழுங்கிவிடாதா? விழுங்காது. ஏன் என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஷியாவ்-லி மெங் 2018இல் தந்த விளக்கத்தைப் படித்ததிலிருந்து, இதைச் சந்திக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாட்டில் இரண்டே கட்சிகள், ஆதரவு சரிபாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 97 கோடிப் பேரில் நூற்றுக்கு ஒருவர் பதில் அனுப்புகிறார். மொத்தம் 97 லட்சம் பதில்கள். ஆனால் முதல் கட்சிக்காரர்களுக்குத் தங்கள் கருத்தைச் சொல்வதில் துளி உற்சாகம் அதிகம். அவர்களில் 10,000 பேருக்கு 105 பேர் பதில் தருகிறார்கள். அடுத்த கட்சியில் 10,000 பேருக்கு 95 பேர். பத்தாயிரத்துக்குப் பத்துப் பேர் வித்தியாசம். களத்தில் யார் கண்ணிலும் படாது. முடிவோ 52.5க்கு 47.5 என்று வரும். இல்லாத ஐந்து புள்ளி முன்னிலை முளைத்துவிட்டது. வர்க்கமூலக் கணக்குப்படி 97 லட்சம் பேருக்குப் பிழை வரம்பு வெறும் 0.03 புள்ளி என்று பெருமையாக அச்சிடுவார்கள். உண்மைப் பிழை 2.5 புள்ளி, அச்சிட்டதைப் போல் ஏறக்குறைய 80 மடங்கு. குலுக்கலில் எடுத்த 400 பேரைக் கேட்டிருந்தாலே இதே அளவு துல்லியம் கிடைத்திருக்கும் (400 பேருக்கு மேலே சொன்ன 5 புள்ளி வெளி வரம்பு; வழக்கமாக நேரும் பிழை அதில் பாதி).

"கட்சியை ஆதரிக்கிறாரா", "பதில் சொன்னாரா" ஆகிய இரண்டும் எவ்வளவு சேர்ந்தே மாறுகின்றன என்பதைச் சொல்லும் எண்ணை, அதாவது ஒட்டுறவுக் கெழுவை (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1), கணக்கிட்டால், மேலே சொன்ன உதாரணத்தில் அது 0.005தான். வேறு எந்த ஆராய்ச்சியிலும் சுழி என்று ஒதுக்கிவிடக்கூடிய எண். ஆனால் நியாயமான குலுக்கலில் இந்தக் கெழு எவ்வளவு இருக்கும் தெரியுமா? சுமாராக, ஒன்றை மக்கள்தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு. 97 கோடிக்கு அது 0.00003. நாடு பெரிதாக ஆக, குலுக்கல் அந்தக் கெழுவைத் தானாகவே சிறிதாக்கிக்கொண்டு போகிறது. மக்கள்தொகை கணக்கிலிருந்து மறைந்துபோனதன் ரகசியம் இதுதான்! மனிதர்களின் பேச்சு ஆர்வத்துக்கோ நாடு பெரிதா சிறிதா என்று தெரியாது, அது 0.005லேயே நிற்கும். ஆகவே அதே ஆர்வ வித்தியாசம், சிக்கிமில் குலுக்கலின் இயல்பான பிழையைப்போல் மூன்றரை மடங்கு பிழையைத் தரும். இந்தியா முழுவதற்கும் என்றால் 150 மடங்குக்கு மேல். நாடு பெரிதாக இருப்பது குலுக்கலுக்குச் சுமையே இல்லை. குலுக்கலைக் கைவிட்டவருக்கு அது பெரும் தண்டனை.

மெங் இதை 2016 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பொருத்திப் பார்த்தார். டிரம்ப் ஆதரவாளர்கள் அதைச் சொல்லத் தயங்கியதில் இருந்த ஒட்டுறவு ஏறக்குறைய இதே 0.005, எதிர்த்திசையில். அங்கே நூற்றுக்கு ஒருவர் என்றால் 23 லட்சம் பேர். அதன் மதிப்பும் 400 பேருக்குச் சமமாகவே வந்தது. பிரிட்டனில் 2015இல் இரு பெரும் கட்சிகளும் சமம் என்று கணிப்புகள் சொல்ல, கன்சர்வேடிவ் கட்சி 6 புள்ளிக்கு மேல் முந்தியது. பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்கிஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். கடைசி நேர மனமாற்றமோ, பொய் சொன்ன வாக்காளர்களோ முதன்மைக் காரணம் இல்லை. மாதிரியே மக்களைப்போல் இல்லை என்பதுதான் 2016இல் வந்த அறிக்கையின் முடிவு.

இரண்டரைப் புள்ளிதானே என்று நம் நாட்டில் சொல்லவே முடியாது. பா.ஜ.க. 2019இல் 37.4 சதவீத வாக்குக்கு 303 இடங்கள் வென்றது, 2024இல் 36.6 சதவீதத்துக்கு 240. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை, 63 இடங்கள் போய்விட்டன. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க. அணி சுமார் 47 சதவீத வாக்குக்கு 39 இடங்களையும் அள்ளியது. 23 சதவீதம் பெற்ற அ.தி.மு.க. அணிக்கு ஒன்றும் இல்லை. வாக்கு எந்தத் தொகுதியில் குவிகிறது, எதிரணி எத்தனையாகப் பிரிகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் வாக்கை இடமாக மாற்றுகின்றன. வாக்குச் சதவீதத்தைக் கணிப்பது அறிவியல். அதிலிருந்து "361 முதல் 401 இடங்கள்" என்று தாவும்போது அனுமானம் ஏறிக்கொள்கிறது. 2024 ஜூன் 1 மாலை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் என்று பல எக்ஸிட் போல்கள் தாவின, கிடைத்தது 293. ஜூன் 4 அன்று சென்செக்ஸ் 4,300 புள்ளிக்கு மேல் சரிந்தபோது, கணிப்பை நம்பி முந்தின நாள் பங்கு வாங்கிய சாதாரண மனிதர்களின் பணமும் சேர்ந்தே சரிந்தது. குலுக்கல் முறையைப் பின்பற்றும் லோக்நீதியும் பிழைக்கு அப்பாற்பட்டதல்ல: காங்கிரஸுக்கு அது சொன்ன 21 சதவீதம் கச்சிதம், பா.ஜ.க.வுக்குச் சொன்ன 40 மூன்று புள்ளிக்கு மேல் அதிகம். இடைப்பட்ட வாரங்களில் சிலர் மனம் மாறியிருக்கலாம். ஒரே சாவடியில் கேட்டவர்கள் ஒரே தெரு, பெரும்பாலும் ஒரே சாதி என்பதால் உண்மையான பிழை வரம்பும் ஒரு புள்ளியைவிடப் பெரிது.

லோக்நீதியினர் தங்கள் முறையை வெளியிடுகிறார்கள், அதனால்தான் இதையெல்லாம் நம்மால் பேச முடிகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும்வரை எக்ஸிட் போலை வெளியிடக் கூடாது என்கிறது. எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், பூட்டிய வீட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று அது கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை, இந்த இரண்டு விவரங்களையும் தராத கணிப்பும் கிளி ஜோசியமும் ஒன்றுதான்; சரியாகப் பலித்தாலும் ஒன்றுதான்.

கிடைத்த மாதிரியில் பெண்கள் குறைந்தால், கிராமத்தார் குறைந்தால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்து அவர்கள் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சரிசெய்வார்கள். நம்மிடம் உள்ள கடைசிக் கணக்கெடுப்பு 2011இல் எடுத்தது. அடுத்ததற்குக் குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. இடையில் பிறந்து வளர்ந்து ஓட்டுப் போடும் வயதை நெருங்கிவிட்டது ஒரு தலைமுறை. கணக்கெடுப்புக்குச் செலவழிப்பதை வீண் என்று நினைப்பவர்கள், அதை நம்பி நடக்கும் எல்லா ஆய்வுகளின் கண்ணையும் கட்டிவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் வெளிநாட்டு அறிவுரைகூடத் தேவையில்லை. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ், வங்காளத்துப் பயிர்க் கணக்கெடுப்புகளிலேயே ஓர் எளிய வழியைக் கையாண்டார். மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்புவார். இரண்டின் முடிவும் வெகுவாக விலகினால் பிழை வயலில் இல்லை, கணக்கெடுத்தவர்களிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கருத்துக்கணிப்பு நிறுவனங்களும் இரண்டு குழுக்களை அனுப்பி, இரண்டின் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடலாம். செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.