"எதுத்தாப்ல போடா, வண்டி தெரியும்"

வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் சைக்கிள் மிதித்துப்போன பிளஸ் ஒன் பையன், சந்திலிருந்து இடப்பக்கம் திரும்பிய பைக்கில் மோதிவிட்டான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள காறை எலும்பு முறிவு. ஒரே மாதத்தில் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது பிள்ளை. எக்ஸ்ரேவைக் காட்டியதும் அப்பா சொன்னார்: "நான்தான் சார் எதுத்தாப்ல போடான்னேன். பின்னாடி வர்ற வண்டி தெரியாதில்ல?"

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்த யோசனை நடந்து போகிறவர்களுக்கு. நடப்பவர் சட்டென்று நின்று ஓரம் ஒதுங்கலாம், சைக்கிள் நிற்குமா? சைக்கிள் 15 கி.மீ. வேகம், பைக் 40 என்று வையுங்கள். ஒரே திசையில் இடித்தால் வித்தியாசம் 25. எதிரெதிரே என்றால் 55. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. இதையும் விடுங்கள். சந்திலிருந்து இடப்பக்கம் திரும்புகிறவர் வலப்பக்கம்தான் பார்ப்பார். வண்டி வருவது அங்கிருந்துதானே! உங்கள் பிள்ளையோ இடப்பக்கமிருந்து வருகிறான். அவனுக்கு வண்டி தெரிகிறது, சரி. வண்டிக்காரருக்கு அவன் தெரிய வேண்டாமா?

ஆபீசர்ஸ் லைனில் கார் நிறுத்துகிறவர்களே, டிரைவர் பக்கக் கதவை இடது கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். சைக்கிள்காரர்களே, கிரீன் சர்க்கிளில் இடப்பக்கம் திரும்பும் பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் நடுவே நுழையாதீர்கள். பின் சக்கரம் முன் சக்கரத் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஹெல்மெட், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா?

அப்புறம் ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். கீழே விழுந்த பிள்ளையின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். ஹேண்டில்பார் முனை குத்திய இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருக்கும், அவ்வளவுதான். உள்ளே மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம். வலியும் வாந்தியும் மறுநாள்கூட வரும். "வயித்து வலிதானே" என்று சோடா வாங்கிக் கொடுக்காமல் அழைத்து வாருங்கள்.

இந்தப் பையனுக்கும் அந்த வட்டம் இருந்தது. ஸ்கேனில் நல்லவேளையாக ஒன்றுமில்லை. ஹேண்டில்பார் முனையில் ரப்பர் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டேன். "அது எப்பவோ கழண்டுடுச்சு சார், வெறும் பைப்புதான்" என்றார். கட்டு மாற்ற வரும்போது புது ரப்பரோடு சைக்கிளையும் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.